விழுந்து கும்பிடாத மகள்

பின்லாந்திலிருந்து கிறிஸ்தவ ஊழியத்துக்கு வந்த காரினா, சீனாவின் தாலி நகரத்தில் ஆங்கில ஆசிரியையாகப் பல வருஷம் ஓட்டிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீட்டில் ஐந்தாறு பேர் திரைச்சீலையை இழுத்துவிட்டு, தணிந்த குரலில் பாடி ஜெபிப்பார்கள். அவர்களில் ஒருத்தி சூயுன்.

சூயுனின் அப்பா இறந்த அன்று அவள் ஓடிவந்தாள். "டீச்சர், நாளைக்கு எல்லாரும் அப்பா படத்துக்கு ஊதுவத்தி ஏத்தி விழுந்து கும்பிடுவாங்க. நான் என்ன பண்ணட்டும்?"

காரினா யோசிக்கக்கூட இல்லை. "கும்பிடறது கடவுளுக்கு மட்டும்தான். நீ நின்னுக்கோ."

சொந்தபந்தமெல்லாம் மண்டியிட்டிருக்க, சூயுன் மட்டும் நின்றாள். அண்ணன் அவளை வாசலுக்கு வெளியே தள்ளினான். அம்மா தடுக்கவில்லை. அதன்பிறகு புத்தாண்டுக்குக்கூட அவளை யாரும் கூப்பிடவில்லை. காரினாவோ, அவளுடைய விசுவாசத்தைக் கூட்டத்தில் மெச்சிப் பேசினாள்.

சில வருஷத்தில் காரினாவின் அப்பாவும் போய்ச் சேர்ந்தார். ஊருக்குப் போனவள் சவப்பெட்டியின்மேல் பூங்கொத்தை வைத்தாள். தலை தானாகவே தாழ்ந்தது. கூடாது என்று அவளிடம் ஒருவரும் சொல்லவில்லை. அப்போதுதான் சூயுன் நினைவுக்கு வந்தாள்.

திரும்பி வந்ததும் சூயுனிடம் சொன்னாள்: "உனக்கு நான் தப்பா சொல்லிட்டேன்."

"அன்னிக்கே எனக்கு மனசு கேக்கல, டீச்சர். உங்களுக்குத் தெரியாததான்னு நெனச்சு நின்னுட்டேன்."

காரினாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மறுநாளே அவளை அழைத்துக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்குப் போனாள். கிழவி முற்றத்தில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள்.

"நிக்கச் சொன்னது நீதானா?"

"ஆமாம்மா. அவமேல தப்பில்ல. என்னை மன்னிச்சிருங்க."

"அந்த மனுஷன் பெட்டியில கெடந்தாரு. பெத்த பொண்ணு மரமாட்டம் நின்னா. நீ மன்னிப்பு கேட்டா அந்த நாள் திரும்பி வருமா?"

"வராதும்மா."

கிழவி மகளை ஏற இறங்கப் பார்த்தாள். "எளைச்சிட்டியேடி. உள்ள வா, சாப்பிடு." பிறகு காரினாவிடம், "நீ கெளம்பு" என்றாள்.

காரினா தனியாகப் பஸ் ஏறினாள். மன்னிப்புக் கேட்டும் நெஞ்சுப் பாரம் இறங்கவில்லை.

அந்த ஞாயிறு சூயுன் ஜெபத்துக்கு வரவில்லை. அம்மாவோடு மலைமேல் அப்பா சமாதிக்குப் போயிருந்ததாகப் பிறகு சொன்னாள். அங்கே என்ன செய்தாய் என்று காரினா கேட்கவில்லை.