தவிட்டில் நொச்சி

முதல் புழுக்கள் வந்த மாதங்களில், மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அந்தச் சின்ன அறையில் ஒரு சாக்கை விரித்துப் படுத்துக்கொள்வேன். ஜன்னல் வழியே மூடுபனி மெல்ல உள்ளே வந்து தரையில் உட்காரும். தட்டுகளில் தவிட்டைத் தின்றபடி நகரும் புழுக்களின் சத்தம் வாழையிலை மேல் பொடித்தூறல் விழுவது போலக் கேட்கும். கேட்டுக்கொண்டே இருந்தால் கண் சொருகும். நானே தவிட்டுக்குள் இறங்கி, வெதுவெதுப்பான மஞ்சள் இருட்டில், எங்கே போகிறோம் என்ற நினைப்பே இல்லாமல் நடப்பது போல இருக்கும். விழித்தால் முகமெல்லாம் ஈரம்.

புழுக்களைக் கொடுத்தவர் அடிவாரத்து ஊரில் மீனும் கூண்டுப் பறவையும் விற்கிற பாய். பலாப்பழம் வாங்க எங்கள் மலைமேல் சோளக்காட்டுச் சந்தைக்கு வருவார். அவர் கடை மீன்களும் குருவிகளும் தின்பதற்கு இந்த மஞ்சள் புழு வேண்டுமாம். யாராவது வளர்த்துத் தருவீர்களா என்று டீக்கடையில் கேட்டபோது எல்லோரும் சிரித்தார்கள். நான் கையை நீட்டினேன்.

"பெரியவரே, இது குளிருக்கு ஆகாதுங்க. கீழேயே எனக்கு ரெண்டு தடவ செத்துப் போச்சு. கையில இருக்கறது இது ஒண்ணுதான். போச்சுன்னா மறுபடி தர என்கிட்ட இல்லீங்க" என்றார்.

"பாய், கல்லுக்குள்ள மிளகுக்கொடி ஏத்துனவன் நான். கொண்டாங்க" என்றேன்.

வீண் பேச்சில்லை அது. நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரைதான். ஆனால் ஒரு முள்ளுக்காட்டைத் தனியாளாக வெட்டித் திருத்தி, மிளகு ஏற்றி, இந்த வீட்டுக்குக் கல் சுமந்தவன் நான். புழுவுக்கும் நானே வழி கண்டேன். போனில் வரும் படங்களில் அறைக்குச் சூடு காட்ட ஏதேதோ மெஷின் வைக்கிறார்கள். நான் தட்டுகளை அடுப்படிச் சுவருக்கு மறுபக்கம் அடுக்கினேன். இந்தப் பக்கம் களி கிண்டினால் அந்தப் பக்கம் புழுவுக்குச் சூடு. இதை எந்தப் படிப்பாளியும் எனக்குச் சொல்லவில்லை.

என் மனைவிக்கு மட்டும் அறவே பிடிக்கவில்லை. அது அவள் சாமை மூட்டை வைக்கும் அறை.

"ஏனுங்க, ஊர்ல அத்தன பேரும் புழுவ அடிச்சு வெரட்டறாங்க. நீங்க மட்டும் தொட்டில் கட்டித் தாலாட்டறீங்க" என்பாள். "இது செத்துச்சுன்னா அன்னிக்கே மூட்டைய அடுக்கிருவேன், பாத்துக்கோங்க."

புழுக்கள் கொழுத்தன. ஒவ்வொன்றாகச் சுருண்டு, வெள்ளைக் கூடாகி அசையாமல் கிடந்தன. பிறகு ஒரு வாரம் முழுக்க வண்டுகள் பிறந்தன. பிறக்கும்போது பால் நிறம், மறுநாள் செம்மண் நிறம், அப்புறம் கறுப்பு. வேலைக்குப் போவதை மறந்து அந்த நிறங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இனி அவை தவிட்டில் முட்டை வைக்க வேண்டும். முட்டை கண்ணுக்குத் தெரியாது. வைத்தால்தான் அடுத்த புழு. வைப்பதற்குள் வண்டு போனால் எல்லாம் போச்சு.

அதனால் நல்ல தவிடாகப் பார்த்து, அவற்றுக்கென்றே வீட்டில் புதிதாகக் கட்டிவைத்த மூட்டையிலிருந்து ஒரு படி அள்ளிக் கனமாகப் பரப்பினேன். பூசணித் துண்டு வைத்தேன். நிம்மதியாகப் படுத்தேன்.

மறுநாள் பார்த்தால் வண்டுகள் தவிட்டிலேயே இல்லை. தட்டின் நான்கு மூலையிலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, வெளியே போக வழி தேடிக் கொத்தாக நின்றன. பாதி, மல்லாந்து கால்களை மடக்கிக் கிடந்தன. குளிர்தான் என்று அடுப்பில் இன்னும் விறகைத் தள்ளினேன். சாயங்காலத்துக்குள் இன்னொரு பிடி செத்தது. சோளக்காட்டில் சிரித்த டீக்கடைக்காரர் முகம் கண்முன் வந்தது. பாய் கையை விரிப்பதும் தெரிந்தது.

"ஏ புள்ள, இங்க வா" என்றேன்.

வந்தாள். குனிந்து தவிட்டைக் கிளறினாள். விரலிடுக்கில் காய்ந்த தழைப்பொடி ஒட்டியது. அதை அவள் மூக்கருகே கொண்டுபோனதும் எனக்குப் புரிந்தது. நொச்சி.

எங்கள் வீட்டில் நொச்சி வாசனை இல்லாத தானியமே கிடையாது. சாமையோ தினையோ, மூட்டை கட்டும்போது ரெண்டு கை நொச்சித் தழை போட்டால்தான் பூச்சி அண்டாது. பிறந்ததிலிருந்து அந்த வாசனையிலேயே இருப்பதால் அது எங்கள் மூக்குக்குத் தெரிவதே இல்லை. வண்டுக்குத் தெரிந்துவிட்டது.

"தவுட்டு மூட்டையில நீயா போட்ட?"

"ஆமாங்க" என்றாள். கண் கலங்கிவிட்டது. "அதுங்களுக்குப் போடற தவுடாச்சே, புழு வெச்சுரப் போவுதேன்னுதான்…"

"புழு வெக்கறதுக்குத்தான புள்ள நான் உசுரக் குடுத்துக்கிட்டு இருக்கறன்!"

ஒரு கணம் என்னைப் பார்த்தாள். சிரிப்பு வெடித்தது அவளுக்கு. எனக்குக் கோபம் வரவேண்டிய இடம், ஆனால் வரவில்லை. அந்த அறைப்பக்கமே வராதவள், என்னிடம் சொல்லாமல் என் வண்டுகளின் சாப்பாட்டைக் காபந்து பண்ணியிருக்கிறாள்.

சிரித்து முடித்ததும் முறத்தை எடுத்தாள். அவள் புடைப்பதை நான் அறுபது வயதுக்கு மேல்தான் சரியாகப் பார்த்தேன் போல. முறம் மேலே போய் இறங்கும்போது செத்ததும் சருகும் முன்னால் பறந்தன. உயிருள்ள வண்டுகள் மட்டும் அவள் பக்கம் நின்றன. ஒரு கால்கூட ஒடியவில்லை. என்னால் அது ஆகாது. நான் பக்கத்து வீட்டில் இயந்திரத்தில் அன்றைக்கு அரைத்த புதுத் தவிட்டை வாங்கிவந்து பரப்பினேன். பிழைத்தவை மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். முட்டை வைக்குமா என்று யாருக்குத் தெரியும்?

நாட்கள் பனியோடு பனியாகப் போயின. தினமும் மூன்று வேளை போய்ப் பார்த்தேன். தவிடு தவிடாகவே கிடந்தது. பாய்க்கு என்ன சொல்வதென்று வார்த்தை சேர்க்கத் தொடங்கினேன்.

ஒரு காலை அவள் புழு அறையிலிருந்து மெதுவாக, யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்பது போலக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, இங்க வாங்க. தவுடு மூச்சு உடுது."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"எங்க புள்ள?"

"சத்தம் போடாதீங்க சாமி" என்று என் விரலைப் பிடித்துத் தவிட்டின் மேல் வைத்தாள். முடியைவிடச் சன்னமாக, எண்ண முடியாத அளவுக்கு ஏதோ அதன் கீழே நெளிந்துகொண்டிருந்தது.