பின்பாரம்

என் வீட்டு முற்றத்தில் பாதி உடைந்த அம்மிக்கல் ஒன்று கிடக்கிறது. அரைக்க உதவாது. ஆனாலும் அதைத் தூக்கிப்போட யாரையும் நான் விட்டதில்லை. ஒரு காலத்தில் அது வண்டியேறி ஊர் சுற்றிய கல்.

பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்குப் பெண்பிள்ளைகளைச் சேர்க்க, டீச்சரம்மா ஒற்றைமாட்டு வண்டியில் எங்கள் பனங்காட்டு ஊர்களுக்கெல்லாம் வருவார். கனத்த உடம்பு. முழங்கால் மடங்காது என்பதால் வண்டிக்குள் நகர்ந்து முன்னால் போக மாட்டார். பின்னால் கால் தொங்கப்போட்டபடியே உட்காருவார். பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே எழும்பி மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும். அதற்காகத்தான் வண்டிக்காரர் தம் காலடியில் அந்தக் கல்லை ஏற்றிவைத்திருந்தார். கல் இருந்தால் டீச்சரம்மா பருத்திருக்கிறார், இல்லாவிட்டால் இளைத்திருக்கிறார். ஊருக்கே அது தெரியும்.

இரண்டு தடவை இளைத்தார். உடம்பைக் குறைக்காவிட்டால் ஊர் சுற்றும் வேலைக்கு வேறு ஆளைப் போடுவேன் என்று பள்ளியை நடத்திய வெள்ளைக்காரத் துரைசானியம்மா மிரட்டியிருந்தார். டீச்சரம்மாவுக்கோ அந்த வேலைதான் உயிர். கொள்ளுக் கஞ்சியாகக் குடித்துக் கன்னம் ஒட்ட வந்து நிற்பார். எங்கள் பெண்கள் சும்மா விடுவார்களா? "ஐயையோ, என்ன சீக்கும்மா ஒங்களுக்கு? இப்பிடி உருகிட்டீயளே!" என்று வீட்டுக்கு வீடு முந்திரிக்கொத்தும் கருப்பட்டியும் நீட்டுவார்கள். நாங்கள் பனையேறிகள். எங்கள் வீட்டில் கை நனைக்காமல் முகம் திருப்பிப் போனவர்கள் எத்தனையோ பேர். டீச்சரம்மா ஒருநாளும் வேண்டாம் என்றதில்லை. சில மாதத்தில் கல் திரும்ப வண்டியேறிவிடும். பள்ளியில் அவரைத் தின்னிமாடு என்று சிரித்தார்களாம். சிரித்தவர்களில் ஒருத்தராவது எங்கள் வீட்டுப் படியேறியதுண்டா?

மூன்றாம் முறை மிரட்டியபோது அவர் மசியவில்லை. "வண்டி தாங்கலன்னா வண்டிய மாத்துங்க. என்னைய ஏன் மாத்துதீய?" என்று நேருக்கு நேர் கேட்டுவிட்டாராம். வண்டிக்காரர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். வேலை போயிற்று.

அவருக்குப் பதில் ஒல்லியான டீச்சர் ஒருவர் வந்தார். வண்டியில் கல் இல்லை. நல்ல மனுஷிதான், ஆனால் எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வண்டி தெருமுனை தாண்டியதும் என் அம்மை வெடித்தாள்: "நம்ம வீட்டுத் தண்ணியே அவளுக்கு எறங்கல. நம்ம பிள்ளய மட்டும் அனுப்பணுமாக்கும்?" அந்த வருஷம் எங்கள் பனங்காட்டு ஊர்களிலிருந்து ஒரு பிள்ளைகூடப் போகவில்லை. பிள்ளை வராத பள்ளியை வைத்துக்கொண்டு துரைசானியம்மா என்ன செய்வார்? டீச்சரம்மாவையே திரும்பக் கூப்பிட்டார்.

அடுத்த கோடையில் வண்டி வந்தது. கல்லும் வந்தது. டீச்சரம்மா எங்கள் கட்டிலில் உட்கார்ந்து, வைத்ததையெல்லாம் ருசித்துத் தின்று, வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "பிள்ளய விடுதீயளா?" அம்மை என் தலையைச் சீவத் தொடங்கினாள்.

வண்டிக்காரர் என்னைத் தூக்கி முன்னால் வைத்தார். கல்லோடு என் பாரமும் சேர, நுகத்தடி மாட்டின் கழுத்தை அமுக்கியது. "இனி கல்லு எதுக்கும்மா? பிள்ளயே போதும்" என்று கல்லை எங்கள் வாசலில் உருட்டிவிட்டார். பின்னால் டீச்சரம்மா சிரித்த சிரிப்பில் வண்டியே குலுங்கியது.

இப்போது நானும் அவரைப் போலத்தான். இளைப்பேன், திரும்ப ஊதுவேன். டாக்டர் திட்டுகிறார், மகள் தட்டைப் பிடுங்குகிறாள். வெட்கப்பட வேண்டுமாம்! நானா? முற்றத்துக் கல்லின்மேல் சட்டமாக உட்கார்ந்து முந்திரிக்கொத்தைக் கடிக்கிறேன். அந்த வண்டியின் பின்னால் கனம் இல்லாதிருந்தால் முன்னால் எனக்கு இடமே இருந்திருக்காது.