ஒரு 'டா' 'டு' ஆன கதை

என் வீட்டுக்காரருக்கு ஒரு பிடிவாதம். அவர் மெஷினில் ஓடும் எந்தத் தாளானாலும் அடியில் எங்கள் அச்சகத்தின் பெயர் இருந்தாக வேண்டும். "அடிச்சவன் யாருன்னு சொல்லக் கூச்சப்படுற தாளை நான் ஏன் அடிக்கணும்?" என்பார். பதினெட்டு வருஷமாக அங்கே எழுத்துக் கோப்பதும் ப்ரூஃப் பார்ப்பதும் நான். இந்த மனுஷனோடு எப்படிக் குப்பை கொட்டுகிறேன் என்று எனக்குத்தான் தெரியும்.

தெருமுனையில் ஒரு சாய ஆலை. எங்கள் வேலையில் பாதி அவர்களுடைய லேபிள்தான். அது நின்றால் மெஷினும் பாதி நாள் நிற்கும். புகையால் பிள்ளைகள் இருமுகிறார்கள், ஆலையை மூடு என்று தெருக்காரர்கள் கிளம்பினார்கள். மூடினால் சோற்றுக்கு எங்கே போவது என்று ஆலையில் வேலை செய்கிறவர்கள் கிளம்பினார்கள். இரண்டு கூட்டமும் ஒரே வாரத்தில் சுவரொட்டி அடிக்க எங்களிடமே வந்து நின்றது. எங்கள் போதாத காலம்!

"தெருக்காரங்களுக்கு அடிச்சா லேபிள் வேலையை மறந்துடுங்க," என்றார் ஆலை மேனேஜர். "ஆலைக்காரங்களுக்கு அடிச்சா ஒரு கல்யாணப் பத்திரிகைகூட உங்ககிட்ட வராது," என்றார் தெருச் சங்கத் தலைவரான மருந்துக்கடைக்காரர். என் வீட்டுக்காரரோ இரண்டு பேருடைய வேலையையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

"ஏங்க, உங்களுக்குப் புத்தி கித்தி இருக்கா? ஒரு பக்கமா நில்லுங்களேன்!"

"ரெண்டு பேர் சொல்றதுலயும் பொய் இல்லையே."

தலையில் அடித்துக்கொண்டு வேலையைப் பார்த்தேன். 'ஆலை வேண்டும்' முதலில் முடிந்தது. அதையே வைத்துக்கொண்டு, நிறத்தையும் மற்ற வரிகளையும் மாற்றித் தெருக்காரர்களுடைய 'ஆலை வேண்டாம்' சுவரொட்டியைக் கோத்தேன். ப்ரூஃப் பார்க்கிற கண் பொடி எழுத்தைத்தான் துருவும். முழ உயர எழுத்தைத் தாண்டிப் போய்விடும். என் கண்ணும் தாண்டிப் போயிற்று.

மறுநாள் காலை தெரு முழுக்க ஒட்டியிருந்தது: 'எங்கள் பிள்ளைகள் மூச்சுவிட ஆலை வேண்டும்!' ஒட்டுகிற ஆள் படித்துப் பார்த்தா ஒட்டுவான்? அடியில் எங்கள் அச்சகத்தின் பெயர் வேறு.

மருந்துக்கடைக்காரர் கிழித்த தாளோடு வந்து குதித்தார். "வேணும்னேதானே 'வேணும்'னு போட்டீங்க?" எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அவர் போன கையோடு மேனேஜரின் போன். குரலில் தேன் ஒழுகியது. "நாங்க கேக்காமலே செஞ்சுட்டீங்க சார்! இந்த வருஷ லேபிள் முழுக்க உங்களுக்குத்தான். தப்பு கிப்புன்னு மட்டும் வெளியில சொல்லிடாதீங்க."

"பேசாம இருந்துடலாங்க," என்று இவர் காதில் கிசுகிசுத்தேன். ஆமாம், நான்தான் சொன்னேன்.

"தப்புதான் சார். இன்னைக்கே மாத்தி அடிச்சுக் கொடுக்கப் போறேன்," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். லேபிள் போயிற்று. மருந்துக்கடைக்காரர் எங்களை நம்பப் போவதும் இல்லை. இந்த மனுஷனைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் எனக்கு ஆத்திரம் வந்தது.

புதுச் சுவரொட்டியின் அடியில் போட ஒரு வரி எழுதி என்னிடம் நீட்டினார். 'முன்பு ஒட்டியதில் "டா" "டு" ஆனது என் பிழை.' கீழே அவருடைய சொந்தப் பெயர்.

சிவப்புப் பேனாவால் 'என்' என்பதை வட்டமிட்டேன். "இது தப்பு. கோத்தது நான்."

"எழுத்துப்பிழை இருக்கான்னு மட்டும் பாரு."

எழுத்துப்பிழை இல்லை. டாவையும் டுவையும் நாலு தடவை பார்த்தேன். 'என்' என்பதை 'எங்கள்' ஆக்கி, அவர் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரையும் கோத்துக் கொடுத்தேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு மெஷினை ஓட்டினார்.