இடக்கையில் போட்ட வட்டம்

கரும்பலகையில் பாதி வட்டம் போட்டிருந்தபோது சாக்பீஸ் கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் பார்த்தேன், விரல் மடங்கவில்லை. "சார், வாய் கோணுது சார்" என்று பிள்ளைகள் கத்தியது மட்டும் நினைவிருக்கிறது.

பக்கவாதம் (மூளைக்குப் போகும் இரத்தம் தடைப்பட்டு உடம்பின் ஒரு பக்கம் செயலிழப்பது). எனக்குப் போனது வலப்பக்கம். மதுரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் டிராயிங் வாத்தியார். அளவுகோலும் காம்பஸும் இல்லாமல் வட்டம், சதுரம், முக்கோணம் போடக் கற்றுக்கொடுப்பது என் வேலை. அந்தக் கையால்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

வில்லாபுரத்து வீட்டில் கட்டிலோடு கிடந்தேன். கூரை ஓடுகளை எண்ணி எண்ணி அலுத்துப்போனது. பேச்சு திரும்பியது, காலை இழுத்து இழுத்து நடக்கவும் வந்தது. கை மட்டும் யாரோ விட்டுப்போன சாமான் மாதிரி பக்கத்தில் கிடந்தது.

ஹெட்மாஸ்டர் பார்க்க வந்தார். "முழுப்பரீட்சை லீவு முடிஞ்சு வாங்க. போர்டுல மூணு உருவம் போட்டுக் காட்டுங்க. போட்டுட்டா வேலை உங்களுக்குத்தான் வாத்தியாரே."

என் மனைவி பொன்னுத்தாய் பலப்பத்தை வலக்கை விரல்களோடு சேர்த்துத் துணியால் கட்டிவிட்டாள். இரண்டு மாதம், சிலேட்டில் தினமும் ஐம்பது வட்டம். எல்லாம் சொத்தைக் கத்தரிக்காய். "வர வேண்டியது வந்துருச்சு, இனி வராது" என்று டாக்டர் கைவிரித்த அன்று சிலேட்டைத் தூக்கி எறிந்தேன். அது முற்றம் தாண்டிப் போய் விழுந்தது.

"எறியிறதுக்கு மட்டும் அந்தக் கை ஆகுமாக்கும்?" என்றாள் பொன்னுத்தாய்.

எறிந்தது இடக்கை. பீச்சாங்கையால் எழுதுவதா? இடக்கையில் பென்சில் பிடித்த பிள்ளைகளை விரல் முட்டியில் பிரம்பால் அடித்தவன் நான். என்னைப்போல் கிடப்பவர்களுக்குச் சொல்கிறேன்: அந்த இரண்டு மாதத்தை வீணாக்கியது நோயல்ல, என் வீம்பு.

பின்கட்டுச் சுவரில் கரித்துண்டால் தொடங்கினேன். நான் விழாமல் இருக்க அவள் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு புள்ளி வைத்து, கையைப் பார்க்காமல், சேரவேண்டிய புள்ளியைப் பார்த்துக் கோடு இழுக்க வேண்டும். கோடு நேரானபின் முக்கோணம், சதுரம். சதுரத்தின் மூலைகளை உருட்டினால் வட்டம். மணிக்கட்டை அசைக்காமல் தோளிலிருந்து கை சுழல வேண்டும். பிள்ளைகளுக்கு ஆயிரம் முறை சொன்னதை எனக்கே சொல்லிக்கொண்டேன்.

பள்ளி திறந்த அன்று போர்டில் மூன்றும் போட்டேன். வட்டம் சுத்தமாக வந்தது. ஹெட்மாஸ்டர் வட்டத்தைப் பார்த்தார், அப்புறம் கையைப் பார்த்தார்.

"வட்டத்துல குத்தமில்ல. ஆனா பிள்ளைக முன்னால பீச்சாங்கையில போட்டா, பெத்தவுக சும்மா இருப்பாகளா? நீங்களே அடிச்சுத் திருத்துனதுதான வாத்தியாரே."

வேலை போயிற்று.

அன்று மதியம் பொன்னுத்தாய் சோற்றைப் பிசைந்து என் வாயருகே கொண்டுவந்தாள். படுத்த நாளிலிருந்து அவள்தான் ஊட்டினாள். இடக்கையால் உண்ண நான் சம்மதித்ததே இல்லை.

"தட்டை இங்கிட்டு வையி" என்றேன்.

"யாராச்சும் பாத்தா என்னங்க சொல்லுவாக?"

"பாக்கட்டும்."

ஒவ்வொரு கவளமாக இடக்கையால் எடுத்தேன். பாதி சிந்தியது. முன்பு ஐந்து நிமிடத்தில் உண்டு எழுகிறவன், அன்று முடிப்பதற்குள் வாசல் வெயில் உள்ளே வந்துவிட்டது. எனக்கு அவசரமும் இல்லை, போக இடமும் இல்லை. அவள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். இத்தனை வருடப் பழக்கத்தில் என் வலக்கையை எடுத்துக் கழுவிவிட்டாள். சோறு ஒட்டியிருந்த இடக்கையையும் நீட்டினேன்.