குழாய் இல்லாத ரேடியேட்டர்

1912 நவம்பர் பதினொன்று, திங்கட்கிழமை காலை மினா பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளீவ்லாந்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். அமெரிக்காவின் பஃபலோ நகரில் அன்றுதான் அந்த வருடத்தின் முதல் பனி. வாசலில் நின்று கணவனிடம் சொன்னாள்:

“எமில், பேங்கு, பள்ளிக்கூடம், ஜெயில்னு ஊர்ல ஒரு ரேடியேட்டர் விடாம படம் எடுத்துட்ட. நம்ம வீட்ல மட்டும் நான் கரி அடுப்பைக் கட்டிக்கிட்டு அழணும். திருடன்கூட சூடா தூங்குறான்!”

“அடுத்த வருஷம் பாக்கலாம் மினா…”

“ஏழு வருஷமா அதே அடுத்த வருஷம். வீட்டுக்கு ரேடியேட்டர் வரட்டும், நானும் வரேன்.”

எமில் ரேடியேட்டர் கம்பெனியின் படக்காரன். சுவரோரம் நின்று நீராவியால் அறையைச் சூடாக்கும் அந்த இரும்பு உருப்படிகளைக் கல்யாணப்பெண் போல நிறுத்தி எடுப்பான். மேலே காயும் கையுறை, படுத்திருக்கும் பூனை எல்லாவற்றையும் விரட்டிவிடுவான். பிறகு படம் பதிந்த நெகட்டிவ் கண்ணாடித் தகட்டில் சிவப்பு மை பூசி, தரையிலிருந்து வரும் குழாயை மறைத்துவிடுவான். விளம்பரப் புத்தகத்தில் ரேடியேட்டர் வானத்திலிருந்து இறங்கியதுபோல் நிற்க வேண்டும் என்பது முதலாளியின் ஆசை. மினாவை அவன் எடுத்த படம் ஒன்றே ஒன்று. அதுவும் ரேடியேட்டரின் உயரம் தெரிவதற்காக.

மூன்று வாரம் அரைவேக்காட்டு உருளைக்கிழங்கைத் தின்ற பிறகு எமிலுக்குப் புத்தி வந்தது. கம்பெனியில் ஓரம் உடைந்ததென்று ஒதுக்கிய ரேடியேட்டர் ஒன்றைக் கேட்டு வாங்கினான். நிலவறையில் கொதிகலனும் இறங்கியது. கிறிஸ்துமஸுக்குள் முன்னறை கதகதப்பானது. உடனே படம் எடுத்து, பின்புறம் ‘வந்துவிட்டது, நீயும் வா’ என்று எழுதி அனுப்பினான்.

பதில் வந்தது: “குழாய் எங்க? கம்பெனிலேர்ந்து இரவல் வாங்கி வெச்சு என்கிட்டயே வித்தை காட்டுறியா?”

எமில் தகட்டை எடுத்துப் பார்த்தான். பழக்கதோஷம்! கை தன்பாட்டுக்குக் குழாயில் மை பூசியிருந்தது. தலையில் அடித்துக்கொண்டு, குழாயோடு இன்னொரு படம் அனுப்பினான்.

“அழிக்கத் தெரிஞ்சவனுக்கு வரையத் தெரியாதா?” என்று ஒரே வரியில் பதில் வந்தது.

அதற்குமேல் எதை அனுப்புவது? அவன் சும்மா இருந்தான், ரேடியேட்டர் சும்மா இருக்கவில்லை. தினமும் விடியற்காலையில் நீராவி ஏறும்போது டங்கு டங்கென்று அடித்தது. ஒட்டியிருந்த வீட்டுத் திருமதி கோஸ்ட்கா பொதுச்சுவரை இடித்தாள்.

“ஏய் எமில்! உள்ள குதிரைக்கு லாடம் அடிக்கிறியா?”

“ரேடியேட்டர் அக்கா, ரேடியேட்டர்!”

“உன் பொண்டாட்டிக்கு எழுதிப் போடுறேன் இரு!”

“நல்லா எழுதுங்க. நான் எழுதினா எங்க நம்புறா!”

மார்ச் கடைசியில், பனி உருகித் தெரு சேறான பிறகு, மினாவின் அஞ்சலட்டை வந்தது:

“கோஸ்ட்கா அக்கா மூணு பக்கத்துக்குத் திட்டி எழுதியிருக்கா. சத்தத்தை உன்னால வரைய முடியாது. சனிக்கிழமை ரயில்ல வரேன். ஸ்டேஷனுக்கு வா, அந்த மைப் புட்டியை வீட்லயே வெச்சுட்டு வா.”