தும்மலில் தொலைந்த தகவல்

ஆபீஸில் அவளுக்குப் பட்டப்பெயர் ‘பிடுங்கி’. அதை வைத்துக்கொண்டது அவளேதான். பொறியியல் படித்து வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் தம்பி, “அப்படி என்னத்தக்கா ஆபீஸ்ல புடுங்குற?” என்று சீண்டினான். “பிளக்கைத்தான்டா!” என்றாள். உண்மையும் அதுதான்.

அவளுடைய கம்பெனி பெரிய கம்ப்யூட்டர்களுக்கு மெமரி கார்டு செய்கிறது. ஒவ்வொரு கார்டிலும் இரண்டு வகை மெமரி. ஒன்று மகா வேகம். ஆனால் கரண்ட் போன மறுகணம் எல்லாவற்றையும் மறந்துவிடும். இன்னொன்று பென்டிரைவில் இருக்கிற ஃபிளாஷ். கொஞ்சம் மந்தம், ஆனால் வாங்கி வைத்ததை விடாது. கரண்ட் இருக்கும்வரை வேகக்காரன் வேலை பார்ப்பான். போனதும், ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் கட்டைவிரல் அளவு மின்தேக்கி சேர்த்து வைத்த மின்சாரத்தைக் கொஞ்ச நேரம் கொடுக்கும். அதற்குள் அவன் தன்னிடம் உள்ளதையெல்லாம் மந்தக்காரனிடம் ஒப்படைத்துவிட வேண்டும்.

ஒழுங்காக ஒப்படைத்தானா என்று பார்ப்பது அவள் வேலை. ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்குவாள், மறுபடி செருகுவாள், ஏதாவது தொலைந்திருக்கிறதா என்று தேடுவாள்.

கார்டுக்குப் புரோகிராம் எழுதியவன் அவள் கணவன். அவன் கட்டுவான், அவள் கவிழ்ப்பாள். காதல் வந்ததே அப்படித்தான். ஆபீஸில் ‘நீங்க’, வீட்டில் ‘நீ’ என்று தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம்.

டிக்கெட் முன்பதிவுக் கம்பெனி ஒன்றிலிருந்து கார்டைப் பார்க்க ஓர் அம்மாள் வருவதாக இருந்தது. அன்று காலை, எதற்கும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று பிளக்கை உருவினாள். அந்த நேரம் பார்த்து வந்தது ஒரு தும்மல். உடம்பே குலுங்கியதில் பிளக் பாதி உள்ளே போய், திரும்ப வெளியே வந்தது. கம்ப்யூட்டரை ஓடவிட்டுப் பார்த்தால் கார்டில் பாதிக்கு மேல் காணோம்.

கணவன் ஓடி வந்தான். கொஞ்ச நேரத்தில் விஷயம் பிடிபட்டது. கரண்ட் எட்டிப் பார்த்ததுமே கார்டு ‘அப்பாடா’ என்று ஒப்படைப்பதைப் பாதியில் நிறுத்தியிருக்கிறது. மறுபடி போனபோது மின்தேக்கியில் மிச்சமிருந்தது போதவில்லை.

“தும்முனதையெல்லாம் டெஸ்ட்டுன்னு சொல்லுவீங்களா?”

“கரண்ட் மட்டும் சொல்லிட்டா போகுது?”

“சரி, இன்னிக்கு இதைப் பத்திப் பேச வேண்டாம். நான் சரி பண்ணிடறேன்.”

அந்த அம்மாள் வந்தார். அவள் பிளக்கைச் சட்டென்று உருவிச் செருகினாள். ஒரு எழுத்துகூடத் தொலையவில்லை. அம்மாளுக்கு ஒரே குஷி. “நான் ஒரு தடவை புடுங்கிப் பார்க்கட்டுமா?” என்று பிளக்கின் மேல் கை வைத்தார். பேசாமல் இருந்துவிடலாம்தான். வாய் கேட்கவில்லை.

“மேடம், ஒரேயடியா உருவினா ஒண்ணும் ஆகாது. ஆனா போன கரண்ட் வந்து, உடனே மறுபடி போச்சுன்னா தகவல் தொலைஞ்சிடும். காலையிலதான் கண்டுபிடிச்சோம்.”

கணவன் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அம்மாள் கையை எடுத்தார். “எங்க கட்டடத்துல கரண்ட் எப்பவுமே அப்படித்தாம்மா போகுது. சரியானதும் சொல்லுங்க” என்று கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் வீட்டில் பாத்திரங்கள் மட்டும்தான் பேசின. அவன் தேய்த்த தேய்ப்பில் வாணலியின் அடி தேய்ந்திருக்கும். கடைசியில், “நீங்க சாப்பிடறீங்களா?” என்றான். வீட்டில் ‘நீங்க’! கோபம் எவ்வளவு என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

“உன் கார்டு மட்டமா இருந்தா நான் வாயே திறந்திருக்க மாட்டேன். நல்லா இருக்கு, அதான் மனசு கேக்கல.”

“ரெண்டு நாள் கழிச்சுச் சொல்லியிருக்கலாம்ல?”

“அவங்க கை பிளக் மேல இருந்துச்சேப்பா!”

சிரிக்கக் கூடாது என்றுதான் அவன் நினைத்தான். முடியவில்லை. சாப்பிட்டுக்கொண்டே, “ஒப்படைக்க ஆரம்பிச்சா முடிச்சிட்டுத்தான் நிமிரணும். நடுவுல கரண்ட் வந்தாலும் கண்டுக்கக் கூடாது” என்றான்.

“மின்தேக்கி திரும்ப நிறையற வரைக்கும் வேகக்காரனுக்குப் புது வேலையும் கொடுக்காத.”

எச்சில் கையோடு லேப்டாப்பைத் திறக்கப் போனவனைக் கழுவிவிட்டு வரச் சொன்னாள்.

புது புரோகிராம் ஏறியதும், பிளக்கை ஆட்டி, அசைத்து, பாதியில் நிறுத்தி, என்னென்ன கொடுமை உண்டோ அத்தனையும் செய்து பார்த்தாள். கார்டு அசைந்து கொடுக்கவில்லை. அம்மாள் மறுபடி வந்தார். அழைப்புமணியோடு விளையாடும் குழந்தை மாதிரி பிளக்கோடு விளையாடிவிட்டு, “எப்ப வந்து மாட்டித் தர்றீங்க?” என்று கேட்டார்.

மாட்ட இரண்டு பேரும் சேர்ந்தே அம்மாளின் ஊருக்குப் போனார்கள். வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. திரும்பும் ரயில் சாயங்காலம்தான். கல்யாணமான பிறகு இருவரும் சேர்ந்து வெளியூர் வந்ததே அதுதான் முதல் தடவை. கடற்கரைக்கு எந்த பஸ்ஸில் போவது என்று நிறுத்தத்தில் நின்று சண்டை போட்டதில் இரண்டு பஸ்ஸும் போய்விட்டன. கடைசியில் நடந்தே போனார்கள்.