பளிங்கு கிண்டப் போன திங்கட்கிழமை

மாமாவுக்கு விசா இல்லை என்பது எங்கள் வீட்டில் அரிசி முடிந்துவிட்டது என்பதைப் போலச் சாதாரணமாகப் பேசப்பட்ட விசயம். அவர் அம்மாவின் தம்பி. பாரிசின் லா சப்பலில் எங்கள் வீட்டுச் சோபாவில் படுத்தெழும்பி, ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார். அவருடைய அகதி வழக்கு ஏற்கெனவே நிராகரிக்கப்பட்டு, திரும்பவும் போட்டிருந்தார்கள். பொலிஸ் பிடித்தால் நேரே பிளேனில் ஏற்றிவிடுவார்கள் என்று அம்மா சொல்லிச் சொல்லிப் பயப்படுவார். பத்து வயதில் எனக்கு அது கெட்ட செய்தியாகவே படவில்லை. பிளேனில் போக யாருக்குத்தான் கசக்கும்?

அந்த வருடம் யாழ்ப்பாணத்துச் சாத்திரியார் ஒருவர் போனில் அம்மாவுக்கு ஒரு வழி சொன்னார். வழக்குக்காரன் தன் கையாலேயே மண்ணிலிருந்து எடுத்த பளிங்குக் கல்லைச் சாமித்தட்டில் வைத்துக் கும்பிட்டால் தடை விலகுமாம். பாரிசில் பளிங்குக்கு எங்கே போவது என்று அப்பா சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. அவரோடு வேலை செய்த பிரெஞ்சுச் சமையல்காரர் ஒருவர் லீவு நாட்களில் ஃபொந்தேன்புளோ காட்டில் மண் கிண்டிப் பளிங்கு தேடுகிற ஆள். கடை பூட்டுகிற திங்கட்கிழமைகளில் மாமா அவரோடு போய் வேலை பழகினார். பிறகு பள்ளி விடுமுறையில் ஒரு திங்கட்கிழமை அம்மா நல்ல நேரம் பார்த்து, அப்பாவையும் என்னையும் அவருக்குத் துணையாக அனுப்பிவைத்தார்.

காட்டு வாசலில் ஒரு பலகை நின்றது. நெருப்புப் படத்தின் மேல் ஒரு சிவப்புக் கோடு, மண்வெட்டிப் படத்தின் மேல் இன்னொன்று. அரசாங்கக் காடு, கிண்டக்கூடாது என்று கீழே எழுதியிருந்ததை நான் உரக்க வாசித்தேன்.

“உது பெரிசாக் கிண்டுறவைக்குப் பிள்ளை,” என்றார் மாமா. “நாங்கள் கொஞ்சமாத்தான் கிண்டப்போறம்.”

ஒரு பெரிய பாறையின் அடியில் சீனி மாதிரி வெள்ளை மணல். அதற்குள்தான் பளிங்கு இருக்குமாம். பாறையைத் தாங்குகிற மணலில் கை வைத்தால் பாறை இறங்கிவிடும் என்பதால் ஓரமாகப் படுத்துக்கொண்டு, பக்கவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்ட வேண்டும். மாமா ஜக்கெட்டைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்துவிட்டு, காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு குப்புறப் படுத்தார். கையில் ஒரு கட்டை மண்வெட்டி, பழைய பல்துலக்கி, கடையில் தோசை பிரட்டுகிற தட்டகப்பை. நடைபோக வந்த வெள்ளைக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள். எனக்கு மானம் போனது. இந்த இரண்டு பேரும் யாரோ, நான் யாரோ என்று காட்ட அடுத்த மரத்தடியில் போய் நின்றேன்.

மத்தியானம்போல மாமா ஒரு கைப்பிடியளவு கல்லை வெளியே எடுத்தார். மணல் ஒட்டிய கற்கண்டுக் கட்டி மாதிரி இருந்தது. ஒளியும் இல்லை, ஒன்றும் இல்லை. மாமா மட்டும் அதைப் பல்துலக்கியால் தட்டித் தட்டி, பிறந்த பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

மண்ணிலிருந்து எடுத்ததற்குக் கற்பூரம் காட்டாமல் கொண்டுவரக்கூடாது என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். மாமா கல்லைப் பாறைமேல் வைத்து, பக்கத்தில் கற்பூரத்தைக் கொளுத்தி, கண்ணை மூடிக் கும்பிட்டார். சுற்றிவர முழுக்கக் காய்ந்த சருகு. கறுப்புப் புகை மரங்களுக்கு நடுவே நேரே மேலே போனது.

பாதையில் காட்டுக் காவலரின் பச்சைச் சீருடையை முதலில் கண்டது அப்பாதான். கும்பிட்டு முடித்து மாமா திரும்பக் கையிலெடுத்த தட்டகப்பையைப் பறித்தார்.

“நட தம்பி. திரும்பிப் பாராதை.”

மாமா நடந்தார். உலாத்த வந்தவர் மாதிரிக் கையை வீசிக்கொண்டு, பாதைத் திருப்பத்தில் மறைந்தார்.

வந்தவர் ஒரு பெண். எரிந்துகொண்டிருந்த கற்பூரத்தைச் சப்பாத்துக் காலால் மிதித்து அணைத்தார். அப்பா கண்ணை மூடித் திறந்தார். அவருக்குப் பிரெஞ்சு வராது என்று தெரிந்ததும், அந்தப் பெண் மிருதுவான குரலில் எல்லாவற்றையும் என்னிடம் சொல்லி, மொழிபெயர்க்கச் சொன்னார்.

“என்னவாம்?” என்றார் அப்பா.

“எல்லாருக்கும் சொந்தமான காட்டை நீங்கள் களவெடுக்கிறியளாம். உங்களாலை காடு எரிஞ்சிருக்குமாம். பிள்ளையின்ரை முன்னாலை இப்பிடிச் செய்ய வெக்கமில்லையோ எண்டு கேக்கிறா.”

பெற்ற தகப்பனை என் வாயாலேயே ஏசினேன். இன்றைக்கும் அந்த வசனம் நாக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. போன ஆள் உங்களோடு வந்தவரா என்று அந்தப் பெண் கேட்டபோது அப்பா என் முகத்தைப் பார்த்தார். நான் இல்லை என்றேன். பொய் சொன்னதற்காகக் கூச்சப்பட்டேன், அந்த ஆள் எங்கள் ஆள் என்பதற்காக இன்னும் கூச்சப்பட்டேன். “தூ முவா, மதாம்,” என்று அப்பா தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொல்லிக்கொண்டே நின்றார். எல்லாம் நான்தான் என்று அர்த்தம். கல்லைத் திரும்பக் குழியில் வைத்து, ஆட்கள் பார்த்திருக்க, இரண்டு கையாலும் மணலைத் தள்ளி மூடினார். அந்தப் பெண் அப்பாவின் விசா அட்டையை வாங்கிப் பெயரை எழுதிக்கொண்டு போனார்.

ஸ்டேசனுக்கு வந்தால் மாமா இல்லை. அவருடைய போனுக்கு அடித்தோம். அப்பாவின் கையில் கிடந்த ஜக்கெட்டுக்குள் அது கிணுகிணுத்தது. பக்கத்திலேயே அவருடைய டிக்கெட்டும் காசும் இருந்தன. அப்பா ஒவ்வொரு ட்ரெயினாகப் போகவிட்டு இருட்டும்வரை நின்றார். நான் பசிக்குது என்று அழுது கத்திய பிறகுதான் ஏறினார்.

அடுத்த நாள் பின்னேரம் கதவு தட்டுப்பட்டது. மாமா சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். பாதம் இரண்டும் வீங்கி, குதிக்காலில் தோல் இல்லை. காட்டிலிருந்து வீடுவரைக்கும் அறுபது கிலோமீட்டர் நடந்தே வந்திருக்கிறார். அம்மா சத்தமில்லாமல் அழுதுகொண்டே உப்புப் போட்ட சுடுதண்ணீரில் அவர் காலை வைத்தார். அப்பா சுவரோடு நின்று அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கோ எரிச்சல் அடங்கவில்லை. இவ்வளவு வளர்ந்த மனிசன், எங்களை அங்கே விட்டுவிட்டு ஓடியதும் இல்லாமல், வழியும் தெரியாமல் துலைந்துபோய் வந்திருக்கிறார்.

“வழி தெரியாட்டிப் பொலிசிட்டைக் கேக்கவேணும் மாமா,” என்றேன். “அவையே ட்ரெயினிலை ஏத்தி விடுவினம். எங்கடை வகுப்பிலை சின்னப் பிள்ளையளுக்கும் தெரியும்.”

அப்பா சட்டென்று குசினிக்குள் போய்விட்டார். மாமா மட்டும் தண்ணீருக்குள் இருந்த காலைப் பார்த்துச் சிரித்தார்.

“ஓம் பிள்ளை,” என்றார். “எனக்கு அந்த யோசினை வரேல்லை.”

பெரிய மனிசன் ஒருவருக்குப் புத்தி சொல்லிக்கொடுத்துவிட்ட பெருமையோடு நான் போய் டிவி பார்த்தேன்.